கொதிக்க வைத்த சேலை

அன்றைக்குச் சிராங்கூன் சாலை மளிகைக் கடையில் இருந்தவர்கள் நான்கே பேர்: நாங்கள் நானா என்று கூப்பிடும் கடைக்காரர், மாட்டுவண்டிக்காரர், தஞ்சோங் பகார் துறைமுகத்திலிருந்து சேதி கொண்டுவந்த மூட்டைக்கூலி, நான்.

"அண்ணே, உங்க வீட்டுக்காரங்க ஊர்லேருந்து வந்த கப்பல்ல யாருக்கோ பேதியாம். எல்லாரையும் நோய் பாத்துக் காவல் வைக்கிற தீவுல இறக்கிட்டாங்க. துணியெல்லாம் வாங்கிக் கொதிக்க வச்சிட்டாங்க" என்றான் கூலி.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கணக்கு சட்டென்று ஓடியது. எங்கள் ஊரில் பேதி வந்த வருஷம் செத்தவர்கள் துணியைத்தான் கொதிக்க வைத்தார்கள். என் மனைவி சேலையையும் வைத்துவிட்டார்கள். ஆக, போய்விட்டாள். நேராகக் கொல்லைக் குழாயடிக்குப் போய்ச் சாவுக்குத் தலைமுழுகிவிட்டேன்.

சொட்டச் சொட்ட நின்றவனைப் பார்த்து நானா திகைத்தார். "என்ன காரியம் பண்ணிட்டே தம்பி? செத்தவங்க துணியைக் கொதிக்க வைப்பாங்க, சரி. துணியைக் கொதிக்க வச்சா ஆள் செத்ததாயிடுமா? நான் வந்தப்போ என் கைலியையும் கொதிக்க வச்சாங்க. நான் என்ன பேயா?"

"நீங்க படியில அரிசி குறைச்சு அளக்கிறதைப் பாத்தா எனக்கும் அந்தச் சந்தேகந்தான் நானா" என்றார் வண்டிக்காரர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானா சொன்னது நியாயம். ஆனால் அதிலிருந்து அவள் நன்றாக இருக்கிறாள் என்றும் வரவில்லையே. உயிரோடு இருப்பவளுக்குத் தலைமுழுகிவிட்டேனே, அதுவே அவளுக்கு எமனாகிவிட்டால்?

நானாவிடம் நாலு வெள்ளி கடன் வாங்கிச் சாம்பான் படகு பிடித்துத் தீவுக்குப் போனேன். காவல் படகு கிட்டே விடவில்லை. கரையில் சில பெண்கள் நின்றார்கள். ஒருத்தி கையை உயர்த்தினாள். என்னைப் பார்த்தா, வெயிலை மறைக்கவா, தெரியவில்லை. தெரியாமலே எட்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்.

ஒன்பதாம் நாள் வந்து இறங்கினாள். சேலை வெளுத்திருந்தது, அவ்வளவுதான். அப்புறமும் அவள் ஒரு தும்மல் தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

கடனில் ஒன்றரை வெள்ளி அடைத்தேன். அதற்குமேல் என்றால் அவள் கையிலிருக்கும் காசைக் கேட்கவேண்டும். எதற்கு என்பாள். சாம்பானுக்கு என்றால், ஏன் போனாய் என்பாள். கடைசியில் பேச்சு நான் தலைமுழுகிய குழாயடியில் வந்து நிற்கும். நானாவுக்கு இன்னும் இரண்டரை வெள்ளி பாக்கி.