குரல் வரும் முன்னே

அவளுக்குக் ‘கரகரா’ என்று பட்டம் வைத்தது ஊரார் இல்லை, பெற்ற அப்பா. சின்ன வயதில் அவள் பாட வாயைத் திறந்தால் போதும், “துருப்பிடிச்ச கதவு திறக்குது, யாராவது எண்ணெய் ஊத்துங்க” என்பார். வீடே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பெற்றவர் வாய்க்குப் பூட்டா போட முடியும்?

வளர்ந்து, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் வாங்கி மடிக்கிற வேலை. கையெல்லாம் சூட்டுத் தழும்பு. இயந்திரங்கள் போடுகிற கூச்சலில் யார் பாடினாலும் பக்கத்து ஆளுக்கே கேட்காது. அந்தத் தைரியத்தில் அங்கே அடிவயிற்றிலிருந்து பாடுவாள். அதையும் மீறிக் கேட்டவன் பழுது பார்க்க வந்த மெக்கானிக் ஒருவன்தான். கிடார் வாசிப்பவன்.

“அக்கா, இது ராக் பாடுற தொண்டை. இத்தனை வருஷமா இதை இங்க போட்டு வேக வெச்சிட்டிருக்கீங்களே” என்றான்.

அவன் கூட்டத்தில் நாலு பேர். ஜாம் பேண்ட் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு பாட்டை எடுத்தால் அது எந்தப் பக்கம் போகும், எப்போது முடியும் என்பது வாசிக்கிறவர்களுக்கே தெரியாது. ஒருமுறை கூப்பிட்டவர்கள் மறுமுறை கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளைப் ‘பாடு’ என்று சொன்ன முதல் மனிதர்கள் அவர்கள்தான்.

நாற்பது வயது தாண்டி அவளுடைய முதல் ஆல்பம் பதிவானது. முதல் பாட்டு, காலமெல்லாம் பஸ் ஓட்டிய அப்பாவைப் பற்றியது. நாலு பேரும் வாசித்தார்கள், வாசித்தார்கள், வாசித்துக்கொண்டே இருந்தார்கள். வெகுநேரம் கழித்துத்தான் அவள் குரல் வரும்.

ஒலிப்பதிவுக்காரர் தலையைச் சொறிந்தார். “முன்னாடி இருக்கிறத வெட்டிட்டு, நேரா உங்க குரல்லயே ஆரம்பிச்சிடலாமா?”

நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். “வேணாம் சார். இவங்க இல்லாம நான் ஏது” என்றாள் அவள்.

அதற்குள் அப்பா படுத்த படுக்கை. இதயம் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“ஒரே ஒரு பாட்டுப்பா. கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. திட்டினாலும் பரவாயில்ல” என்றாள்.

பச்சைப் பொய். ‘நல்லாருக்கு’ என்கிற ஒற்றை வார்த்தைக்குத்தான் அவள் உயிர் கிடந்து தவித்தது.

மத்தியானம், தலையணைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்தாள். கிடார் தொடங்கியது, டிரம்ஸ் சேர்ந்தது. போர்வைமேல் அப்பாவின் விரல் தாளம் போட்டது. அவள் ஸ்பீக்கரை இன்னும் கொஞ்சம் அவர் காதருகே நகர்த்தினாள்.

“கொஞ்சம் பொறுங்கப்பா, இப்ப வந்துடும்.”

“வரட்டும், வரட்டும்.”

வாசிப்பு எங்கெங்கோ சுற்றியது. விரல் மெல்ல ஓய்ந்தது. பதறிப்போய் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். தூக்கம்தான். அப்போது வந்தது அவள் குரல். ஜென்மத்துக்கும் அப்படிப் பாடியதில்லை. அவர் விழித்துவிடக் கூடாதே என்று தன் கையாலேயே சத்தத்தைக் குறைத்தாள்.

மறுநாள் மாத்திரை கொடுக்கும்போது அவரே ஆரம்பித்தார். “நேத்து கேட்டேன். நல்லாருந்துச்சு.”

“நெஜமாவாப்பா?”

“ம். பாட்டுக் கிறுக்கை விட்டுட்டு வாசிக்கக் கத்துக்கிட்டியே, அதுதான் புத்தி. யாருக்கு எது வருமோ அதைத்தான் செய்யணும்.”

ஸ்பீக்கர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அப்பா அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார், வாழ்நாளில் முதல் தடவையாக.

“ஆமாப்பா” என்றாள்.

அந்த வாரமே அவர் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவளுடைய தழும்பேறிய கையைப் பிடித்துக்கொண்டார்கள். “அருமையா வாசிப்பியாமே. அப்பா சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போனாரும்மா” என்றார்கள். வாய்விட்டு அழக்கூட அவளுக்குக் குரல் எழும்பவில்லை.