பனியில் கட்டி வந்த பிடிமண்

என் மச்சினனைப் பனிக்குள் இறக்கியது நான்தான். நம் ஐயனாரைக் கும்பிடுகிற பங்காளிகளிடம் இதை இனியும் மறைக்க முடியவில்லை.

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். ஐஸ் பாரைக் குதிகாலால் ஒரு தட்டு தட்டினால் கெட்டியா, உள்ளே பொத்தலா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

போன ஐப்பசிக் கடைசியில், பெங்களூரில் வேலை பார்க்கும் மச்சினன் செல்வம் என்னை இமாச்சல் பக்கம் மலையேறக் கூட்டிப்போனான். அந்த வருடத்து முதல் பனி விழுந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இந்தப் பனியை நம்பக்கூடாது, பாறை இடுக்கையெல்லாம் மேலாக மூடியிருக்கும், கம்பால் குத்திப் பார்த்துக் கால் வையுங்கள் என்று வழிகாட்டி படித்துப் படித்துச் சொன்னார். ஐஸைப் பற்றி எனக்கே பாடமா என்று சிரித்தேன்.

மத்தியானம் மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். அவர்களைப் பிடிக்க நான் குறுக்கே இறங்கினேன். குதிகாலால் தட்டிப் பார்த்தேன். கெட்டியாகக் கேட்டது. "வா மாப்ள, பாறை கணக்கா இருக்கு" என்றேன். நான் நின்ற இடம் பாறைதான். ஓர் எட்டுத் தள்ளி அவன் கால் வைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

இரண்டு ஆள் ஆழத்தில் கால் சிக்கிக் கிடந்தான். என் கை எட்டவில்லை. கயிறு வழிகாட்டியிடம் இருந்தது. போனில் டவர் இல்லை. கத்தினேன், காற்றில் எனக்கே கேட்கவில்லை. மறுபடி பனி கொட்ட ஆரம்பித்தது.

"விட்டுட்டுப் போயிராதீங்க மச்சான்" என்றான்.

போகாமல் முடியாது. ஊரிலிருந்து கிளம்பும்போது கோயிலில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, வழக்கப்படி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தேன். குழி ஓரத்தில் கம்பை நட்டு அதில் அந்தப் பிடிமண்ணைக் கட்டினேன். "ஐயா, நான் வர்ற வரைக்கும் நீங்க இவன்கிட்ட இருங்க" என்று அழுதேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஆட்களோடு திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. எங்கள் காலடித் தடம் ஒன்றுகூட மிச்சமில்லை. அந்த மஞ்சள் துணி மட்டும் தெரிந்தது. தூக்கினோம். பாதி நினைவில் இருந்தான். பிறகு கால்விரல் இரண்டை எடுத்தார்கள், உயிர் தங்கியது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் வாய் திறக்கும் முன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அங்கிட்டு இங்கிட்டு நகராம உட்கார்ந்திருந்தீங்களே மச்சான். தூங்காத மாப்ள, தூங்காத மாப்ளன்னு பேசிக்கிட்டே இருந்தீங்களே."

என் குரலாம்.

இன்றும் கம்பெனியில் ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடும்போது "விட்டுட்டுப் போயிராதீங்க" என்று கேட்கிறது. கூடவே என் குரலும் கேட்கிறது, நான் பேசாத பேச்சு. பயமாகத்தான் இருக்கிறது. என் திமிர் அந்தக் குழியிலேயே போய்விட்டது.

செல்வம் பெண் கொடுத்த வீட்டுப் பிள்ளை, நம் கோயில்காரன்கூட இல்லை. அவனிடமே ஐயா உட்கார்ந்திருந்தார். உங்கள் ஆட்கள் கடலிலோ வெளிநாட்டிலோ இருந்தால், நீங்கள் போக முடியாத இடத்துக்கு அவரை அனுப்பிவையுங்கள். போவார்.

செல்வம் இன்னும் எனக்குத்தான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறான். இதை அவனும் படிக்கட்டும்.