சாலமோனோட இடது காலு

பதினேழு. இந்த நம்பர ஞாபகத்துல வெச்சிக்கணும். பதினேழு வருஷம் சாலமோன் ஒரே வண்டிய ஓட்னான். ரோட்டுல இல்ல, செவுத்துல.

பொருட்காட்சியில மரணக் கெணறுன்னு பாத்திருப்பீங்க. பலக பலகயா நிறுத்தி, சுத்தி இரும்புக் கயிறு போட்டு இறுக்கி வெச்சிருப்பான். மேல ஜனம் வட்டமா நின்னு எட்டிப் பாக்கும். அடியில மோட்டார் சைக்கிள் கெளம்பும். தரையில ஒரு சுத்து, ஓரத்துச் சரிவுல ஒரு சுத்து, அப்பால நேரா செவுத்துல. அங்க ஏறிட்டா வேகந்தான் ஆளத் தாங்கும். வேகம் கொறஞ்சா கீழ வரவேண்டியதுதான். மந்திரமும் கெடையாது, மாயமும் கெடையாது.

செங்கல்பட்டு மைதானம், கோவளம் தர்காவுல சந்தனக்கூடு, அங்கயே மாதா கோயில் திருநாளு, செய்யூர் சந்த, மாபலிபுரத்துல மாசி மகம். எங்க நாலு பேரு கூடறானோ அங்க ஜானகிராமன் மொதலாளியோட கெணறு நிக்கும். உள்ள ஓட்றவன் சாலமோன்.

செய்யூர் பக்கத்து ஆளு. அப்பன் அடுத்தவன் கொல்லையில வேர்க்கடல புடுங்கியே செத்தான். பொதைக்கறதுக்குக்கூட சொந்த மண்ணு கெடையாது, சர்ச்சுக்காரங்க எடம் குடுத்தாங்க. சாலமோன் பட்டணத்துக்கு ஓடிப்போயி, சோழவரத்துல ரேஸ் ஓட்ன ஒரு தொரகிட்ட வண்டி தொடைக்கற வேலைக்கு சேந்தான். தொடைச்சிகினே ஓட்டக் கத்துக்கினான். தொர சீமைக்குக் கெளம்பும்போது அந்த ரேஸ் வண்டிய, பி.எஸ்.ஏ., ஜானகிராமனுக்கு வித்துட்டான். மாட்ட விக்கறவன் கயித்தக் கழட்டிக்கினுதான் மாட்டக் குடுப்பான். இந்தத் தொர வண்டிய விக்கும்போது ஆளையும் சேத்துக் குடுத்துட்டுப் போனான்.

அன்னிலேர்ந்து சாலமோனுக்கு வேல அதான். ஆர்டர் கெடையாது, பி.எஃப். கெடையாது, லீவு கெடையாது. விழுந்தா யாரு பாக்கறதுன்னு எழுதிவெச்ச காகிதமும் கெடையாது. மொதலாளி தோள்ல கைபோட்டு, "உன்ன நம்பித்தாண்டா கெணறு நிக்கிது"ன்னுவான். சாலமோன் அத நம்பினான். சம்பளம் ஒசத்திக் கேக்கச் சொல்லி பொஞ்சாதி ஜெசிந்தா நச்சரிச்சா, "நான் எறங்கிட்டா அது வெறும் பலகடி. மொதலாளிக்குத் தெரியும்"னு சொல்லி வாய அடச்சிடுவான். அவனுக்கு இருந்த ஆஸ்தி அந்த ஒரு நெனப்புதான்.

பழைய வண்டிய பத்தி ஒண்ணு சொல்லணும். வெள்ளக்காரன் செஞ்ச வண்டி. அதுல கீரு மாத்தறது வலது கால்ல, பிரேக்கு இடது கால்ல. பதினேழு வருஷமா ஓட்னவனுக்கு அது மூளையில இருக்காது, காலுலயே இருக்கும். தூக்கத்துல அவன் இடது காலு பிரேக்கு போடும். பக்கத்துல படுத்த ஜெசிந்தா ஒத வாங்கிக்கினு எழுந்து ஒக்காருவா. "யோவ், நான் இன்னா செவுரா? எறங்குய்யா மொதல்ல"ன்னு கத்துவா.

வண்டி கெழமாயிடிச்சி. ஃபிரேமு விரிசல் உட்டு விரிசல் உட்டு, மெக்கானிக் சௌகத் அலி வெல்டிங் வெச்சி வெச்சி ஓட்டிக்கினு இருந்தான். கோவளத்துக்காரன். சாலமோனுக்கு அவனவிட்டா வேற சிநேகிதன் கெடையாது.

"மச்சான், இதுல இரும்பு கம்மி, வெல்டிங்கு ஜாஸ்தி. என்னிக்காவது நீ ஒரு பக்கம் போவ, வண்டி ஒரு பக்கம் போவும்."

"மொதலாளிகிட்ட சொல்லு பாய்."

"சொன்னேனே. வண்டிய தொட்டுக் கும்புட்டுட்டு ஓட்டச் சொல்றாரு. நான் எந்தப் பக்கம் திரும்பிக் கும்புடறது?"

புது வண்டி வேணும்னு மொதல்ல வாயத் தொறந்து கேட்டவன் சாலமோன்தான். இதயும் சொல்லிடணும். எழுவத்தெட்டுல யெஸ்டி ரோடுகிங்கு புதுசா வந்திச்சி. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு கான்ட்ராக்டரு பையன் அத நிறுத்திட்டு டீ குடிக்கப் போனான். சாலமோன் அத ரெண்டு சுத்து சுத்தி வந்தான். குந்திப் பாத்தான், மோந்துகூடப் பாத்தான். பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்ளோ நேரம் பாக்கலன்னு ஜெசிந்தாகிட்ட சொல்லி அடி வாங்கினான். அன்னிலேர்ந்து நாஸ்தா துன்னும்போதும் அதே பேச்சு, கக்கூசுக்குப் போவும்போதும் அதே பேச்சு.

செய்யூர்ல ஆட்டம் ஓடும்போது பழைய வண்டி ஃபிரேமு ஒடிஞ்சிடிச்சி. நல்லவேள, சரிவுக்கு எறங்கினப்பறம். அதுக்கு மேல மொதலாளிக்கு வழி இல்ல. பழச காயலாங்கடையில தள்ளிட்டு, புது ரோடுகிங்கு ஒண்ணு எடுத்தாந்தான். செவப்புக் கலரு. டேங்குக்கு மால போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கினான். சாலமோன் அன்னிக்கி சின்னப் புள்ள மாதிரி சிரிச்சான். அவன் அப்பிடி சிரிச்சத நெறைய பேரு பாத்தாங்க. கடைசியா பாத்தாங்கன்னு அப்ப யாருக்கும் தெரியாது.

நல்ல வண்டி. வண்டி மேல ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா அதுல கீரு இடது கால்ல, பிரேக்கு வலது கால்ல. அதுமட்டும் இல்ல, அந்த வண்டியில கீரு மிதிய அமுக்கினா கிளச்சு தானா உட்டுக்கும். மிதிய அமுக்கிப் புடிச்சிக்கினே இருந்தா இஞ்சினு கத்தும், சக்கரத்துக்கு இழுப்பு வராது. ரோட்டுல ஓட்றவனுக்கு அது சவுரியம். செவுத்துல ஓட்றவனுக்கு?

சௌகத் அலி மொத நாளே கண்டுக்கினான். "மச்சான், உன் இடது காலு இனிமே உன் எதிரி"ன்னான்.

ரெண்டு பேரும் மொதலாளிகிட்ட போய் நின்னாங்க. மாபலிபுரத்துல கெணறு நிறுத்திக்கினு இருந்த நேரம். மாசி மகத்துக்கு இருளருங்க வந்து கடலோரம் பூரா பொடவைய கட்டி கூடாரம் போட்டுக்கினு இருந்தாங்க. ராட்டினமும் கட்டியாச்சி.

"பத்து நாளு குடு மொதலாளி. காலு பழகணும்"னான் சாலமோன்.

"பத்து நாளா? மகம் வருஷத்துக்கு எத்தினி தபாடா வருது?"

"ஒரு தபா."

"அப்ப? கடலு உனக்கோசரம் நிக்குமா, இல்ல நெலாதான் நிக்குமா? புது வண்டி புது வண்டின்னு என் உயிர வாங்கின. வாங்கியாந்தா இப்ப காலு பழகணும்ன்ற. இன்னா காலுடா அது, பாடம் படிக்கற காலு?"

சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. சாலமோனும் சிரிச்சான். அதான் அவன் பண்ண தப்பு. அந்த எடத்துல சிரிச்சிருக்கக் கூடாது. ஏற மாட்டேன்னு சொல்லிட்டு கீழ குந்தியிருக்கணும். கூட சௌகத் அலியும் குந்தியிருப்பான், டிக்கெட்டு கிழிக்கறவனும் குந்தியிருப்பான். ஆனா உன்ன நம்பித்தான் கெணறுன்னு கேட்டுக் கேட்டு வளந்தவன் எப்பிடி குந்துவான்? நாம இல்லன்னா ஆட்டம் நின்னுடுமேன்னு மொதலாளிய காட்டிலும் இவனுக்குத்தான் பதட்டம் ஜாஸ்தி.

ஒரே ஒரு காலவேள குடுத்தான் மொதலாளி. அதுல தரையில சுத்தி, சரிவுல சுத்தி, மத்தியானத்துக்குள்ள செவுரு ஏறிட்டான். கெட்டிக்காரந்தான். ஆனா எறங்கும்போதெல்லாம் இடது காலு மிதிக்கப் போச்சி.

அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணான். இடது பூட்சுக்குள்ள, முன்பாதத்துக்கு அடியில, ரெண்டு புளியங்கொட்டய போட்டுக்கினான். லேசா வெச்சா ஒண்ணும் ஆவாது. அமுக்கினா சுருக்குன்னும். கீரு மாத்தும்போது பல்லக் கடிச்சிக்கினு ஒருவாட்டி அமுக்குவான். செவுத்துல இருக்கும்போது காலு தானா மிதிக்கப் போச்சின்னா, வலி முந்திக்கினு வந்து தடுக்கும். காலுக்குப் புத்தி சொல்ல வேற வழி இல்ல, ஒத குடுத்துதான் சொல்லணும்னான்.

அது வேல செஞ்சிது. மகத்துக்கு முந்தின நாளு மொத ஆட்டம், ரெண்டாவது ஆட்டம், எல்லாம் நல்லா ஓடுச்சி. கைய உட்டுட்டு ஓட்னான். பக்கவாட்டுல குந்தி ஓட்னான். மேல ஜனம் நீட்ற கைக்குட்டைய புடுங்கிக்கினு வந்தான். நெம்மேலிலேர்ந்து, பூஞ்சேரிலேர்ந்தெல்லாம் ஜனம் நடந்து வந்திச்சி. செவப்பு வண்டி, செவப்பு வண்டின்னு ஒரே பேச்சு.

ராவுல பூட்ச கழட்டினா பாதத்துல ரத்தம். ஜெசிந்தா வெந்நீரு வெச்சா.

"இன்னாய்யா இது? புண்ணு வெச்சிக்கினு ஓட்றியா?"

"ரெண்டு நாளு போனா காலு பழகிடும்."

"காலு பழகறதுக்குள்ள காலே இருக்காது. ஒரு நாளு நிறுத்துன்னு சொல்லேன் அந்தாளுகிட்ட. வாயில இன்னா வெச்சிகினு கீற, கொழுக்கட்டையா?"

மறுநாளு காலையில போய் சொன்னான். காலு வீங்கி பூட்சே ஏறல, ஒரு நாளு உடு மொதலாளின்னான். மொதலாளி குனிஞ்சி பாத்தான். பாக்கலன்னு சொல்லக்கூடாது, நல்லாவே பாத்தான். பாத்துட்டு சொன்னான்: "பூட்சு ஏறலன்னா வெறுங்காலோட ஓட்டேன். வெறுங்காலோட செவுத்துல ஏறும் வீரன்னு மைக்குல சொல்லச் சொல்றேன். கூட்டம் இன்னும் அள்ளும்."

அள்ளிச்சி. அன்னிக்கித்தான் மகம், சாயங்காலம் படிக்கட்டு தாங்கல, எழுநூறு டிக்கெட்டு போச்சி. சௌகத் அலி மட்டும் அடியில, கதவாண்ட நின்னுகினு, "செவுத்துல ஜாஸ்தி வெளையாடாத மச்சான். ஏறு, சுத்து, எறங்கு. போதும்"னான். சாலமோன் தலையாட்டினான். மூஞ்சி வெளுத்துப் போயிருந்திச்சி. வலியா, பயமான்னு கேக்க நேரம் இல்ல, மைக்கு கத்த ஆரம்பிச்சிடிச்சி.

ஏறினான். சுத்தினான். கைய உட்டான். ஜனம் விசில் அடிச்சிது. மேல ஒருத்தன் எட்டி துண்ட நீட்னான். சாலமோன் கைக்கு எட்றதுக்குள்ள துண்டு நழுவி, காத்துல விரிஞ்சி, செவுத்தோட ஒட்டிக்கினு எறங்கிச்சி. அவன் வழிக்கு நேரா.

பழைய வண்டியா இருந்தா இது ஒரு சங்கதியே இல்ல. இந்த மாதிரி எத்தினியோ துண்டு விழுந்திருக்கு. இடது காலால பிரேக்க லேசா தொட்டா வண்டி ஒரு முழம் எறங்கும். துண்டுக்கு அடியில பூந்து வெளிய வந்து, ஆக்சிலேட்டர திருகினா திரும்பவும் மேல ஏறிக்கும். யோசிச்சி பண்ற வேல இல்ல அது. காலு பண்ற வேல.

காலு பண்ணிடிச்சி. இடது காலு போய் மிதிச்சிது. தடுக்கறதுக்கு பூட்சுக்குள்ள ஒண்ணும் இல்ல, பூட்சே இல்ல. கிளச்சு உட்டுக்கிச்சி. வண்டி எறங்கிச்சி, அவன் ஆக்சிலேட்டர திருகினான். காலு இன்னும் மிதியிலதான் இருந்திச்சி. இஞ்சினு ஊருக்கே கேக்கற மாதிரி கத்திச்சி. சக்கரத்துல இழுப்பு இல்ல. அந்தச் சத்தத்த கேட்டு ஜனம் கை தட்டிச்சி. வேகமா ஓட்றான்னு நெனச்சிக்கினாங்க.

ஆளு மொதல்ல விழுந்தான். வண்டி அவன் மேல விழுந்திச்சி.

சௌகத் அலி ஒரு மீன் வேன புடிச்சி, ஐஸ் பொட்டிங்கள எறக்கிட்டு, ஈர சாக்கு மேலயே அவன படுக்கவெச்சி, திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு கொண்டும்போனான். ஜெசிந்தா வழி பூரா அவன் தலைய மடியில வெச்சிக்கினு, மீன் செதிலு ஒட்ன கையால மூஞ்சிய தொடச்சிக்கினே வந்தா. இடுப்பெலும்பு நொறுங்கிப்போச்சின்னு டாக்டரு சொன்னாரு. உயிருக்கு ஒண்ணும் இல்ல, நடக்கறது கஷ்டம்னாரு.

பொழுது விடிஞ்சதும் சௌகத் அலி மாபலிபுரத்துக்கு திரும்பினான். மொதலாளி ஹேண்டில்பார நிமுத்திக்கினு இருந்தான்.

"மொதலாளி, ஒரு நாளாவது கெணத்த மூடு. அவன் இடுப்பொடிஞ்சி கெடக்கறான்."

"மூடினா சாலமோனுக்கு எலும்பு கூடிடுமா? காஞ்சிபுரத்துலேர்ந்து ஒரு பையன் வந்துகினு கீறான். கீரு இடது காலுல பழகின பையன். நீ செயின எண்ண போட்டு வை."

சௌகத் அலி எண்ண போடல. ஸ்பானர கீழ போட்டான். ஆனா அன்னிக்கி ராத்திரி வரைக்கும் அங்கயே நின்னான், வெளிய, டிக்கெட்டு குடுக்கற எடத்தாண்ட. ஏன் நின்னான்னு கேட்டா அவனுக்கே சொல்லத் தெரியாது.

மறுநாளு வார்டுக்குப் போனான். சாலமோன் கண்ணு முழிச்சி, கூரைய பாத்துக்கினு படுத்திருந்தான். இடுப்புக்கு கீழ ஒண்ணும் அசையல. ஜெசிந்தா கஞ்சி வாங்கப் போயிருந்தா.

"வண்டி இன்னா ஆச்சி பாய்?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல."

"நேத்து ஆட்டம்?"

சௌகத் அலி சன்னலுப் பக்கம் திரும்பினான். வெளிய வேப்பமரத்துல காக்கா ஒக்காந்து கத்திக்கினு இருந்திச்சி.

"சொல்லு பாய். ஆட்டம் நடந்திச்சா?"

"நடந்திச்சி."

"வேற ஆளா?"

"ம்."

 சாலமோன் பெட்ஷீட்ட இழுத்து நெஞ்சு வரைக்கும் போத்திக்கினான்.

"கூட்டம் இல்ல, இல்ல? எத்தினி டிக்கெட்டு போச்சி? பொய் சொல்லாத, உன் அல்லா மேல ஆண."

"எழுநூத்தி நாப்பது."