உப்புத் தண்ணி என்றால் எந்தத் தண்ணி

1999 ஜூனில் பெர்னார்டுக்கு வயது நாற்பத்திரண்டு. பெங்களூர் மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு மீன் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வேலைக்குப் போவார். தொட்டி கழுவ வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும். ஆறு வருடமாகத் தற்காலிகப் பணி. அந்த மாதம்தான் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது. புதன்கிழமை பட்டியல் மேலிடத்துக்குப் போகும்.

ஆராய்ச்சி மாணவி யாமினி இரண்டு தொட்டிகளில் ஜிலேபி மீன் வளர்த்தார். ஒன்றில் வெறும் காவிரித் தண்ணீர். மற்றதில் காவிரித் தண்ணீரோடு கடலுப்புத் தூள் கலந்து, பத்து நாளில் படிப்படியாகக் கடல் அளவுக்கு உப்பேற்றியிருந்தார்.

திங்கட்கிழமை யாமினி ஊருக்குப் போயிருந்தார். உப்பேற்றிய தொட்டியின் அடியில் அரிசிக் குருணை போல வெள்ளை மணிகள் கிடந்தன. மேற்பார்வையாளர் நாராயணசாமி குனிந்து பார்த்தார்.

"இதுல என்ன தண்ணி ஊத்தின?"

"உப்புத் தண்ணி சார்."

பெங்களூரில் உப்புத் தண்ணி என்றால் போர்வெல் தண்ணீர்; பாத்திரத்திலெல்லாம் வெள்ளையாகப் படிவது. யாமினிக்கோ ஊர் கடலூர்; அங்கே உப்புத் தண்ணி என்றால் கடல் தண்ணீர். தூள் கலந்த பீப்பாயில் அவர் எழுதி வைத்திருந்த பெயரும் உப்புத் தண்ணிதான். பெர்னார்ட் சொன்னது பீப்பாயை. நாராயணசாமி காதில் விழுந்தது போர்வெல்.

"காவிரி வரலன்னு போர்வெல்ல தொறந்து விட்டுட்ட. பாரு, சுண்ணாம்பு. ஆறு மாச வேலை ஹாளாச்சு, எல்லாம் பாழ்."

"பீப்பாய்த் தண்ணி சார் அது."

"இப்பதானே நீயே ஒத்துக்கின."

புகார்த் தாள் எழுதி, புதன்கிழமைப் பட்டியலோடு அனுப்ப மேசையில் வைத்துவிட்டார்.

பெர்னார்ட் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, அதே பீப்பாய்த் தண்ணீரை ஊற்றி மீன்களை விட்டார். பக்கத்துக் காலித் தொட்டியிலும் அதே தண்ணீர், மீன் மட்டும் இல்லை. மூன்றாவதில் போர்வெல் தண்ணீரும், காவிரித் தொட்டியிலிருந்து எடுத்த இரண்டு மீனும்.

புதன் காலை முதல் தொட்டியில் மறுபடி மணிகள். மற்ற இரண்டிலும் ஒன்றுகூட இல்லை.

யாமினி திரும்பியதும் பெர்னார்ட் அவரை நேராகத் தொட்டிகளிடம் கூட்டிப் போனார். யாமினி அந்த உப்புத் தொட்டி மீன் ஒன்றை எடுத்து அறுத்தார். குடலுக்குள் அதே வெள்ளை மணிகள்.

நாராயணசாமி கூப்பிடப்பட்டார்.

"உப்புத் தண்ணியில மீன் உடம்புத் தண்ணி வெளிய போய்க்கிட்டே இருக்கும் சார். அதனால குடிச்சிக்கிட்டே இருக்கும்" என்றார் யாமினி. "குடல் உப்பை உள்ள இழுக்கும், பின்னாலயே தண்ணியும் உடம்புக்குள்ள போயிடும். அந்த உப்பைச் செவுள் வெளிய தள்ளிடும். குடிச்சதுல இருக்கிற கால்சியத்தைக் குடலே இப்படிக் கல்லாக்கி அனுப்பிடும். நல்ல தண்ணி மீன் குடிக்கிறதே கம்மி. அதுக்கு இந்தக் கல்லு கிடையாது."

நாராயணசாமி மணியை விரலில் எடுத்தவர், சட்டென்று உதறினார்.

"அப்ப இது மீன் கக்கூஸ் போனதா?"

"அதைத்தான் சார் கழுவிக்கினு இருக்கேன்" என்றார் பெர்னார்ட்.

"அப்ப உப்புத் தண்ணின்னு ஏன்யா சொன்ன?"

"பீப்பாயில அப்படித்தான் சார் எழுதியிருக்கு."

நாராயணசாமி போய்ப் படித்துவிட்டு வந்தார். புகார்த் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்றரை மணிக்குப் பட்டியல் பெர்னார்டின் பெயரோடு போனது. ஆணை செப்டம்பரில் வந்தது.

அதற்குப் பிறகு யாராவது உப்புத் தண்ணி ஊற்றச் சொன்னால், வாளியைத் தூக்குமுன் பெர்னார்ட் கேட்பார்: "போர்வெல்லா, பீப்பாயா?"