விக்டோரியா தலை எண்ணுகிறாள்

கல்யாணப் பந்தியானாலும் கருங்கல் சந்தைக்குப் போகும் பேருந்தானாலும் என் மனைவி விக்டோரியா முதலில் தலை எண்ணுவாள். ஆண் எத்தனை, பெண் எத்தனை, இடம் கிடைக்காமல் நிற்பது யார். எண்ணி முடித்ததும் தீர்ப்பு வந்துவிடும்: "பிரதிநிதித்துவக் கொறவு!"

மீன் விற்கும் பெண்களுக்காக நாகர்கோவிலில் நடந்த முகாமுக்குப் போய் அவள் கொண்டுவந்த சொல் அது. அன்றிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. அவியலில் முருங்கைக்காய் ஒற்றைத் துண்டு அகப்பட்டால் முருங்கைக்காய்க்குப் பிரதிநிதித்துவக் குறைவு. குடும்பப் போட்டோவில் மாமியாருக்குப் பாதி முகம்தான் விழுந்திருந்தது. அதற்கும் அதே சொல்தான். மாமியாருக்காகப் பரிந்து பேசிய மருமகளை என் ஆயுளில் அன்றுதான் கண்டேன்.

அர்த்தம் கேட்டால் கூடையைக் காட்டுவாள். "கூடை நெறைய வெல கொறஞ்ச சாள மீனு கெடக்கு. மேல நாலு நெய்மீன அடுக்கி வச்சா, பாக்கிறவனுக்கு நெய்மீன் கூடைன்னுதான தோணும்? சாளைக்கு அதாக்கும் பிரதிநிதித்துவக் கொறவு. வெளங்கிச்சா மக்கா?"

இனயத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரை ஊர். எங்கள் தேவாலயப் பங்கில் எட்டுக் குடும்பக் குழுக்கள். குழுவுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகப் பங்குப் பேரவையில் பதினாறு பேர். நோட்டைப் பார்த்தால் எட்டுக்கு எட்டு, குறை சொல்ல முடியாது. கூட்டம் நடப்பதோ புதன் பிற்பகல் மூன்று மணிக்கு. பெண்கள் அப்போது சந்தையில் மீனோடு நிற்பார்கள். புருஷன்மார் வந்து "அவளுக்குப் பதிலா" என்று கையெழுத்துப் போடுவார்கள். வாங்கி எழுதிக்கொண்டவன் பேரவைச் செயலாளனாகிய நான்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது. கூடையைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, செதில் ஒட்டிய கையோடு ஓடிவருகிற ஒரே பெண் விக்டோரியா.

போன மாதம், பங்கு கட்டவிருக்கும் புது மீன் ஏலக்கூடத்தின் வரைபடம் பேரவையின் ஒப்புதலுக்கு வந்தது. வலை வைக்க ஓர் அறை, கேரம் விளையாட ஓர் அறை. பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை. விடியுமுன் ஏலத்துக்கு வருகிற பெண்கள் அந்தக் காரணத்துக்காகவே தண்ணீர் குடிக்காமல் வருவது ஊருக்கே தெரியும். அன்று விட்டால் கட்டிடம் எழும்பிவிடும், பிறகு பேசிப் பயனில்லை.

விக்டோரியா எழுந்தாள். கேரம் அறையை எடுத்துவிட்டுக் கக்கூஸ் கட்டவேண்டும் என்றாள். பதினைந்து ஆண்களும் கூரையைப் பார்த்தார்கள்.

"ததேயுஸ் அண்ணோ, நீரு ஆருக்குப் பதிலா வந்திருக்கீரு?"

"எனக்க பெண்டாட்டி ஜெபகனிக்கு."

"ஜெபகனிக்கு இதுல என்ன அபிப்பிராயம்?"

"எனக்க அபிப்பிராயந்தான் அவளுக்கும்."

"அப்ப போனப் போட்டுக் கேளும். எல்லாரும் கேக்கிய மாதிரி."

பங்குச் சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையசைத்தார். ததேயுஸ் போன் போட்டு, கேரம் அறையா கக்கூஸா என்று கேட்டுவிட்டு, ஸ்பீக்கரைத் திறந்து மேசைமேல் வைத்தார். சந்தை இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஜெபகனியின் குரல் வந்தது. "கேரமா? ஒங்களுக்குக் கேரம், நாங்க அடக்கிப் பிடிச்சுட்டு நிக்கணுமா? கையத் தூக்கும்! வீட்டுக்கு வாரும், மீதி அங்க பேசலாம்."

ததேயுஸின் கை தானாக எழுந்தது. மற்ற ஆறு பதிலாள்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் வீட்டுக்குப் போன் போடும் துணிச்சல் ஒருவருக்கும் இல்லை. அவர்களும் கையைத் தூக்கினார்கள். சிரித்துக்கொண்டே இன்னும் மூன்று பேரும் தூக்கினார்கள். கடைசியாக விக்டோரியா தூக்கினாள். பதினொன்று என்று எழுதினேன்.

"தீர்மானம் நிறைவேறியது. கையைக் கீழே போடலாம்" என்றார் சாமியார்.

எல்லாரும் போட்டார்கள். விக்டோரியாவின் கை மட்டும் இறங்கவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"கூட்டம் நடத்திய நேரத்தையும் மாத்தணும், ஃபாதர்" என்றாள். செதில் மின்னிய அந்தக் கை அப்படியே நின்றது.