கோப்பை வென்ற அன்று வராத பயிற்சியாளர்

மட்டாஞ்சேரியில் உள்ள ஒரு பெண்கள் கல்லூரியில் நஜ்முதீன் இருபத்துநான்கு ஆண்டுகளாகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர். இருபத்துநான்கு ஆண்டுகளும் தற்காலிகம்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு நியமனக் கடிதம் வரும், அவர் கையெழுத்திடுவார், மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் விசில் கேட்கும். இந்த ஆண்டு அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கடிதத்துக்கு முன்னால், மே மாதத்தில் ஒரு படிவம் வந்தது.

அலுவலகக் கண்காணிப்பாளர் ராமபத்ரன் அதை நீட்டி ஏழாவது பத்தியில் விரலை வைத்தார். 'தலைமைப் பயிற்சியாளராக இருந்து வென்ற பல்கலைக்கழகப் பட்டங்கள். ஆதாரமாக ஸ்கோர் ஷீட்டின் நகலை இணைக்கவும்.'

"ஒண்ணு உண்டல்லோ ஸாரே? அலமாரியில இருக்கற கப்பு. அதை எழுதுங்கோ. பட்டம் இருந்தா ரெண்டு வருஷம் நீட்டிப்பு. இல்லைன்னா சின்ன வயசு ஆளைப் பாக்கறதுன்னு கமிட்டியில பேச்சு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள தரணும்."

நஜ்முதீன் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று திங்கட்கிழமை.

அவர் பெரிய பயிற்சியாளர் என்று சொல்ல முடியாது. மோசமானவர் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. தகப்பனார் பஜாரில் சாக்கு வியாபாரி. மகன் பகலில் கடையில் இருந்தான், மாலையில் பந்து ஆடினான். கல்லூரியின் பழைய பயிற்சியாளர் திடீரென்று துபாய்க்குப் போனபோது மூன்று வாரத்துக்கு மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த மூன்று வாரம் இன்னும் முடியவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆட்டத்தின் கடைசி மூன்று நிமிடங்களில், ஆட்டத்தை நிறுத்தி அணியுடன் பேச டைம் அவுட் கேட்கமாட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, பெஞ்சில் கைகள் மேலேயே உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்றால் அது இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம் என்பார். இதனால்தான் மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்றார் என்று சிலர் சொன்னார்கள். இதனால்தான் மூன்று முறை இறுதிவரை போக முடிந்தது என்று வேறு சிலர் சொன்னார்கள். எதிரணிப் பயிற்சியாளர்கள் கைகுலுக்கும்போது, "என்னா நஜ்மு, கை மரத்துப் போச்சா?" என்று கேட்பார்கள். அது கொள்கையா, அல்லது சொல்ல ஒன்றும் இல்லாத பயமா என்று அவர் யோசித்துப் பார்த்தது கிடையாது. தோற்ற மறுநாளும் பயிற்சி இருந்தது.

கோப்பை வந்தது 2016இல். அந்த இறுதி ஆட்டம் திரிச்சூரில் ஒரு சனிக்கிழமை நடப்பதாக இருந்தது. சனிக்கிழமை ஹர்த்தால் என்று முந்தின நாள் மாலை அறிவித்தார்கள். ஆட்டம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மாறியது. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மட்டாஞ்சேரியில் நஜ்முதீனின் அண்ணன் மகளுக்கு நிக்காஹ். அண்ணன் உயிரோடு இல்லை. மணமகளின் சார்பில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சம்மதம் சொல்ல வேண்டியவர் சிறிய தந்தையான அவர்தான். அவர் ஆட்டத்துக்குப் போகவில்லை.

அணியுடன் பெண் ஆசிரியர் ஒருவர் போக வேண்டும் என்பது கல்லூரியின் விதி. அந்த முறை போனவர் புள்ளியியல் கற்பித்த விசாலாக்ஷி டீச்சர். தலைமைப் பயிற்சியாளர் கையெழுத்துப் போடாமல் ஆட்டம் தொடங்காது என்று ஸ்கோர் எழுதும் மேசையில் இருந்தவர்கள் சொன்னார்கள். காட்டிய இடத்தில் டீச்சர் கையெழுத்துப் போட்டார். முப்பத்துநான்கு விநாடிகள் மிச்சம் இருந்தபோது எதிரணி ஒரு கூடை போட்டு 58–57 என்று முன்னால் போனது. அப்போது டீச்சர் எழுந்து மேசைக்குப் போய் டைம் அவுட் கேட்டார். பிள்ளைகள் வந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், திரும்பிப் போய் 59–58 என்று ஜெயித்தார்கள்.

இன்றுவரை கல்லூரிக்கு இருக்கும் ஒரே பட்டம் அது. ஸ்கோர் ஷீட்டில் பயிற்சியாளர் கையெழுத்து: விசாலாக்ஷி.

"இதுல என்ன குழப்பம்?" என்றார் மனைவி லதீஃபா. அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். "வருஷம் முழுக்க வெயில்ல நின்னது நீங்க. அந்த டீச்சரம்மாவுக்குப் பந்து என்ன நிறம்னு கேட்டா தெரியுமா?"

"அவங்க கேட்ட டைம் அவுட்லதான் ஜெயிச்சது."

"அப்போ டீச்சரம்மாவையே கோச்சாப் போடச் சொல்லுங்க. நீங்க போய்க் கணக்கு எடுங்க. எழுதுங்கன்னா எழுதுங்க. நாலு மணிக்கு வீட்டுல உங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்றது?"

கடைசிக் கேள்வி அவருக்கும் இருந்தது. அந்த வேலை போனால் மாலை நான்கு மணிக்குத் தான் யார் என்று அவருக்குத் தெரியாது.

புதன்கிழமை இடப்பள்ளிக்குப் போனார். அந்த ஆண்டு அணித்தலைவியாக இருந்த அஞ்சனா அங்கே ஒரு மாலில் விளையாட்டுப் பொருள் கடையின் மேலாளர். ஷூ பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஸாரா! ஷூ வாங்கவா? அந்தப் பழைய ஷூவை மியூசியத்துக்குக் குடுத்தாச்சா?"

அவர் சிரிக்கவில்லை. அந்த டைம் அவுட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

"யாரும் ஒண்ணும் சொல்லல ஸார். எல்லாருக்கும் கை நடுங்கிட்டிருந்துச்சு. டீச்சர் தண்ணி குடுத்துட்டு, 'நம்ம கூடை எந்தப் பக்கமாக்கும்?'னு கேட்டாங்க. எங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியல. சிரிச்சதுல நடுக்கம் போயிடுச்சு. அப்பத்தான் எனக்கு ஜெட்டி ஞாபகம் வந்துச்சு. அதை வெச்சுத்தான் கடைசிக் கூடை."

ஜெட்டி என்பது ஓர் ஆட்ட உத்திக்குப் படகுத்துறையை வைத்து நஜ்முதீன் சூட்டிய பெயர். படகு வந்ததும் கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் நெருக்கும், மறுபக்கம் நிற்பவன் சாவகாசமாக ஏறிவிடுவான். மட்டாஞ்சேரி ஜெட்டியில் அவர் பலமுறை பார்த்தது. ஆட்டத்தில் நான்கு பேர் இடது பக்கம் முண்டியடிப்பார்கள், ஐந்தாவது ஆள் வலது மூலையில் தனியாக நிற்பாள். ஐந்து ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தார். அவர் பார்க்க ஒரு ஆட்டத்திலும் அது பலித்ததில்லை.

"அப்போ நான் இருந்திருந்தா?"

அஞ்சனா யோசித்தாள். "ஸார் இருந்திருந்தா டைம் அவுட் கிடையாது. டைம் அவுட் இல்லேன்னா ஜெட்டி ஞாபகம் வந்திருக்காது. ஆனா ஸார் இல்லேன்னா ஜெட்டியே கிடையாதே." ஒரு ஷூ பெட்டியை மூடியபடி, "ஏன் ஸார், இப்ப எதுக்கு இது? ஜெயிச்சோம்ல?" என்றாள்.

ஒரு காரியத்துக்குக் காரணம் எது என்ற கேள்வி புத்தகத்தில் இருக்கும்போது சுவையாக இருக்கிறது. படிவத்தின் ஏழாவது பத்தியில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை மாலை சேர்லாயில் விசாலாக்ஷி டீச்சரின் வீட்டுக்குப் போனார். டீச்சர் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"வாங்கோ ஸார். ராமபத்ரன் போன்ல எல்லாம் சொன்னார். இதுக்குப் போய் மூணு நாளா அலையறேளா? நான் ஒரு லெட்டர் எழுதித் தரேன். கையெழுத்து மாத்திரம் என்னோடது, கோச் ஸார்தான்னு."

"டைம் அவுட் நீங்கதானே கேட்டது டீச்சரே?"

"நேக்குப் பந்து எங்க போறதுன்னே தெரியலை. அந்தக் குட்டி அஞ்சனா நாக்கால உதட்டை நனைச்சுண்டே இருந்தா. பாவம்னு தோணித்து. தண்ணி குடுக்கணும்னா எங்க கேக்கணும்னு மேசையில கேட்டேன். அவா டைம் அவுட்னு எழுதிண்டா."

"நான் இல்லாததாலதான் ஜெயிச்சதுன்னு எனக்கு ஒரு தோணல்."

"ஒரே ஒரு மேட்சை வெச்சுண்டு அப்படியும் சொல்ல முடியாது, இப்படியும் சொல்ல முடியாது. முப்பது வருஷம் இதைத்தானே கிளாஸ்ல சொன்னேன்? ஒருத்தரும் கேக்கலை." டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார். எழுதிய வரியை வாய்விட்டுப் படித்தார். "குடும்பத்தில் நிக்காஹ் நடந்த காரணத்தால் அன்று அவரால் வர முடியவில்லை."

நஜ்முதீன் சாயா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நிக்காஹ் பதினொண்ணரைக்கு முடிஞ்சுது டீச்சரே."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணேகாலுக்கு நான் வைட்டிலா பஸ் ஸ்டாண்டுல இருந்தேன். ஏறியிருந்தா மூணரைக்குத் திரிச்சூர். ஒரு பஸ் வந்துச்சு, ஏறல. அடுத்ததுல ஸீட் இருந்துச்சு, ஏறல. மூணாவது பஸ்ஸோட கண்டக்டர் என்னைப் பார்த்து, 'சேட்டா, கேறுன்னுண்டோ?'ன்னு கேட்டான். நான் சும்மா நின்னேன். அதுக்கப்புறம் போனாலும் பிரயோஜனம் இல்லாத நேரம் ஆயிடுச்சு. சாயாக்கடையில உக்காந்திருந்தேன். அஞ்சே முக்காலுக்கு அஞ்சனா போன் பண்ணிக் கத்தினா."

"ஏன் ஏறலை?"

"அதுதான் தெரியல. நாலாவது தடவையும் தோக்கறதைப் பாக்கப் பயமா இருந்திருக்கலாம். நான் போகலேன்னா ஜெயிப்பாங்கன்னு தோணியிருக்கலாம். ரெண்டும் ஒண்ணுதானான்னும் தெரியல. லதீஃபாவுக்குக்கூட இது தெரியாது."

டீச்சர் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. பேனாவால் அந்த வரியைத் தட்டினார். "அப்போ இது பொய்யாக்கும். எழுதிட்டேன். வேணும்னா இருக்கட்டும், ஒருத்தரும் போய் அந்தக் கல்யாணத்துக்கு மணி பாக்கப் போறதில்லை. வேண்டாம்னா அடிச்சுடறேன். ஸார் சொல்லுங்கோ."

வெளியே ஒருவன் சைக்கிளில் மணியடித்தபடி போனான்.

"அடிச்சுடுங்க."

டீச்சர் வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினார். அணிக்கு ஆண்டு முழுவதும் பயிற்சி கொடுத்தவர் நஜ்முதீன். இறுதி ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. கையெழுத்திட்ட தனக்கு ஆட்டம் தெரியாது. மூன்று வாக்கியங்கள், அடியில் தேதி.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு ராமபத்ரன் அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார். "வரலைன்னு மாத்திரம் இருக்கே. ஏன்னு காரணம் எழுதாட்டா கமிட்டி கேக்கும். நிக்காஹ்னுதானே எல்லாரும் சொன்னா?"

"கேட்டா சொல்றேன்."

"என்னன்னு?"

"தெரியலன்னு."

ராமபத்ரன் முத்திரை குத்தினார்.

கமிட்டி எதையும் கேட்கவில்லை. ஜூன் மாதம் கடிதம் வந்தது. இரண்டு ஆண்டு இல்லை, ஓராண்டு. கோப்பையில் பாதியை ஏற்றுக்கொண்டார்களா, உண்மை சொன்னதற்கு ஒரு வருஷமா, அல்லது தட்டச்சு செய்தவர் பழைய கடிதத்தையே நகல் எடுத்தாரா என்று அதில் இல்லை. லதீஃபா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "நாலு மணிக்கு வெளியில போவீங்கல்ல, அது போதும்" என்றார். வைட்டிலாவைப் பற்றி அன்று நஜ்முதீன் அவரிடமும் சொன்னார். "அந்தச் சாயாக்கடையில அஞ்சே முக்கால் வரைக்குமா? கல்யாணத்துல சாப்பிட்ட பிரியாணி என்னாச்சு?" என்றுதான் லதீஃபா கேட்டார்.

ஆகஸ்டில் முதல் ஆட்டம், சொந்த மைதானத்தில். கடைசி நிமிடத்தில் அணி இரண்டு புள்ளி பின்னால் இருந்தது. நஜ்முதீனின் கைகள் வழக்கம்போலத் தொடைக்கு அடியில் இருந்தன. எதிரணி ஒரு கூடை போட்டதும் அவர் கைகளை உருவிக்கொண்டு எழுந்தார். மேசைக்குப் போய் டைம் அவுட் கேட்டார். மேசையில் இருந்தவர் அவரைத் தெரிந்தவர், நிஜமாகவா என்பதுபோல் பார்த்துவிட்டு ஹாரனை அழுத்தினார்.

பிள்ளைகள் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். மூத்தவர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. யாராவது நாக்கால் உதட்டை நனைக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். ஹாரன் அடித்தது.

நான்கு புள்ளியில் தோற்றார்கள்.

பந்துகள் இருந்த வலை மூட்டையைக் கட்டும்போது இந்த ஆண்டுத் தலைவி ஹாதியா அருகில் வந்தாள். "ஸார், அந்த டைம் அவுட் எதுக்கு?"

"எனக்கும் தெரியல" என்றார் நஜ்முதீன். "உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வந்துச்சா?"

"இல்ல ஸார். ஸாருக்கு உடம்பு சரியில்லையோன்னு பயந்தோம்."

அவர் தலையாட்டினார். மூட்டையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறு முனையை அவர் பிடித்தார். "நாளைக்கு நாலு மணிக்கு ஜெட்டி" என்றார்.