ஐயனார் ஏற்றத்தில் கால் ஊன்றாமல்

தை மாதப் பனி விலகாத ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணிக்குக் கீரனூரில் இருந்து புறப்பட்டோம். பேருந்து நிலையத்துக்கு எதிரில் டீ பன்னிரண்டு ரூபாய்; சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னால் டீயையும் சேர்த்துக் குறைத்துவிடுவார்கள். இரண்டு கியர் சைக்கிள், ஒரு பொட்டலம் வேர்க்கடலை, இரண்டு பெண்கள். நான் கலா, வாரத்தில் ஐந்து நாள் திருச்சிக்குப் பேருந்தில் நின்றுகொண்டு போய், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறவள். கூட வந்தவர் பிலோமினா டீச்சர். ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், என்னைவிட மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அவர் விடமாட்டார் என்பதால் எங்கள் சவாரி எப்போதும் சனிக்கிழமைதான்.

புதுக்கோட்டையில் மலை ஏது என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள். ஊட்டி அளவுக்கு இல்லைதான். ஆனால் நார்த்தாமலைப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும்: யானை படுத்த மாதிரி மொட்டைப் பாறைகள், நடுவில் தைலமரக் காடு, அதற்குள் ஆளே இல்லாத ஒற்றைத் தார்ச்சாலைகள். ஏற்றம் நீளமாக இருக்காது, ஆனால் நெஞ்சை முட்டும். நாங்கள் அன்று போனது அப்படி ஒரு சாலை. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே பைக்கில் வந்து படம் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அன்றைய பயணம் வெறும் ஊர்சுற்றல் இல்லை. போன வருடம் இதே பருவத்தில், சாலையில் காயப்போட்டிருந்த கொள்ளுச் செடி மேல் டீச்சரின் சைக்கிள் ஏறிச் சறுக்கி, அவருக்கு இடது முழங்கால் சிப்பி உடைந்தது. வண்டிகள் ஏறிப்போனால் கொள்ளு உதிரும் என்று தாரில் பரப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். கார் போகும், லாரி போகும், சைக்கிள் டயர் மட்டும் வழுக்கும். அந்த விவசாயி கூனிக் குறுகி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். இந்த வருடம் கொள்ளு அடித்ததும் முதல் மூட்டையை டீச்சர் வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

கால் கூடிவிட்டது. ஆனால் திருச்சியில் இருக்கும் மகளுக்குப் பயம் போகவில்லை. சைக்கிளைத் தன் கொழுந்தனுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை காரோடு வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. ஒரு காலத்தில் தினமும் கால் ஊன்றாமல் ஏறியதாக அவர் சொல்லும் ஏற்றத்தை வைத்து, டீச்சர் மகளிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். “பாறை ஏத்தத்துல கால் ஊனாம ஏறிட்டேன்னா சைக்கிளு எனக்கு. வழியில காலு தரையில பட்டுச்சுன்னா ஒங்களுக்கு.” சாட்சியாக என்னை நியமித்தார். நான் கறாரான ஆள் என்று மகளுக்கும் தெரியும்.

நெடுஞ்சாலையில் பத்துக் கிலோமீட்டர். கிரஷர் லாரிகள் உரசிக்கொண்டு போக, பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாகவே மிதித்தோம். கிளைச் சாலையில் திரும்பியதும் உலகமே வாயை மூடிக்கொண்டது. தைல இலை வாசனை, முந்திரித் தோப்பில் மயில், வெயில் படாத பாறையில் இன்னும் ஈரம். டீச்சர் எங்கும் நிறுத்தவில்லை. வழக்கமாக மரத்துக்கு மரம் நிறுத்தி ஒரு கதை சொல்கிறவர். அவருடைய இடது முழங்காலையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஏழே காலுக்கு ஏற்றம் தொடங்கியது. எனக்கு அந்தச் சாலை புதிது. முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. டீச்சர் சின்னக் கியரில் அவசரமே இல்லாமல் போனார், அரிசி களைகிற மாதிரி ஒரே சீராக. இரண்டாவது வளைவு. மூன்றாவது. கால் நடுங்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் என்ன.

அப்போது சாலையின் இரண்டு பக்கமும் மண் குதிரைகள் தெரிந்தன. ஐயனார் கோயில். முதல் குதிரை பக்கத்தில் வந்ததும் டீச்சர் பிரேக்கைப் பிடித்தார், இறங்கினார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஏற்றத்தில் பாதிதான் முடிந்திருந்தது.

“டீச்சர், என்ன செய்யுறீங்க?” என்று கத்தியேவிட்டேன்.

அவர் திரும்பி, புரியாமல் பார்த்தார். “ஐயனாரு கோயிலு கலா. நீயும் எறங்கு.”

“கால் ஊனக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“எங்க ஊனுனேன்?” என்று கேட்டவர், குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். முகம் அப்படியே வாடிவிட்டது.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் அவர் வெகுகாலம் வேலை பார்த்தார். தினமும் இந்த வழி. இந்தப் பக்கம் யார் போனாலும், எந்தச் சாமி கும்பிடுகிறவராக இருந்தாலும், முதல் குதிரையில் இறங்கிக் கடைசிக் குதிரையில்தான் வண்டி ஏறுவார்கள். கழுத்தில் ஜெபமாலையோடு டீச்சரும் அப்படியே. “அப்பல்லாம் கால் ஊனாம ஏறுவேன்னு சொன்னீங்களே, அதுவும் இப்புடித்தானா?” என்று கேட்டேன். “ஆமா. ஊனாமத்தான் ஏறுவேன்” என்றார், குரல் இறங்கி. அங்கே இறங்குவதை அவர் இறங்குவதாகவே நினைத்ததில்லை.

எதிரே பால்கேன் கட்டிய மொபெட் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் இஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே வந்தார். “என்ன டீச்சர், ரொம்ப நாளா இங்கிட்டு ஆளையே காணம்?”

“கால் ஒடிஞ்சு கெடந்தேன்ப்பா” என்றார் டீச்சர். நான் நியாயம் கேட்கும் ஆத்திரத்தில் விஷயத்தை அவரிடம் சொன்னேன்: கால் ஊன்றாமல் ஏற வேண்டிய பந்தயம், இவர் இங்கே வந்து இறங்கிவிட்டார்.

அவர் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தார். “எறங்காம எப்புடிங்க போறது?” என்று கேட்டுவிட்டு, நடந்தே போய்விட்டார்.

கடைசிக் குதிரையின் நிழலில் நின்றோம். சாட்சி என்ற முறையில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம். “சொன்னது சொன்னதுதான், கலா. பிள்ளைககிட்ட வார்த்தை மாறக் கூடாது” என்று டீச்சர் சைக்கிளின் சீட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். அந்தத் தடவலைப் பார்க்கச் சகிக்கவில்லை. “மேல போயாச்சும் பாத்துட்டு வருவோம்” என்று ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தேன். சைக்கிள் நகரவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, விழாமல் குதித்துத் தப்பினேன். ஏற்றம் அங்கேதான் ரொம்பச் செங்குத்து. ஓடிவருகிற வேகத்தில் அதைக் கடந்துவிடலாம். நின்ற இடத்தில் இருந்து புறப்படுவதுதான் பெரும்பாடு. மறுபடி முயன்றேன், மறுபடி குதித்தேன்.

டீச்சர் சிரித்துவிட்டார். “இங்கிட்டும் அங்கிட்டும் கொஞ்சம் குறுக்காப் போவணும்” என்று ஏறினார். இடது காலை, அந்த உடைந்து கூடிய காலை, மிதியில் வைத்து உடம்பு முழுக்க அதில் இறக்கி ஒரு அழுத்து. சைக்கிள் சாலையின் அந்த ஓரத்துக்கு ஊர்ந்தது, இந்த ஓரத்துக்குத் திரும்பியது, அப்புறம் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. நான் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

உச்சியில் அவர் வட்டமடித்துக்கொண்டிருந்தார். “கலா, இப்ப கால் ஊனிக்கலாமா?”

“ஊனுங்க டீச்சர்” என்றேன். கட்டிக்கொண்டேன். வேர்வையில் இருவரும் நாறினோம். அங்கிருந்தே மகளுக்கு நான்தான் போன் போட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், இறங்கியதையும் சேர்த்து. “அங்க அம்மா எறங்காம போயிருந்தாத்தான் எனக்குப் பயமா இருந்துருக்கும் அக்கா” என்றாள். அவளும் அந்தப் பள்ளியில் படித்தவள்தான்.

திரும்பும்போது அந்த இறக்கத்துக்காக உயிரையே கொடுக்கலாம். காற்று காதில் விசிறியது. குதிரைகள் தெரிந்ததும், மனசே இல்லாமல் பிரேக்கைப் பிடித்து இறங்கினேன். டீச்சர் அதற்குள் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். அவருக்கு யாரும் செய்தி சொல்லியிருக்கவில்லை. பாவம், பின்சீட்டை மடக்கி இடம் பண்ணி வைத்திருந்தார். கட்டுமாவடி மீன் குழம்போடு சாப்பாடு போட்டு, சைக்கிள் கிடையாது என்று டீச்சர் பக்குவமாகச் சொன்னார். காலியாக இருந்த பின்பக்கத்தில் அந்தக் கொள்ளு மூட்டையைத் தானே தூக்கி வைத்தார்.

“இத எடுத்துட்டுப் போங்க மாப்ள. ரோட்டுல மட்டும் கொட்டிறாதீங்க.”